ஒரு டாக்டர், ஒரு சாக்கடை இன்ஜினியர், ஒரு கட்டட காண்ட்ராக்டர்

வானத்தைப் படமெடுக்கிற கிறுக்கு பிடித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி பூரா முழித்து, கொசுவுக்கு ரத்ததானம் செய்து, ஒரு நெபுலாவைப் பிடித்துக்கொண்டு வந்து ஆபீஸில் காட்டினால் வருகிற முதல் கேள்வி "எப்படிடா எடுத்தே?" கிடையாது. "இது நிஜமாவே இப்படித்தான் இருக்குமா, இல்ல ஃபோட்டோஷாப்பா?" என்பதுதான்.

கேட்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் ஒரு பிரபல போன் கேமரா பற்றி இணையத்தில் பெரிய ரகளை நடந்தது. ஒருத்தர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, தூரத்திலிருந்து அந்த போனால் எடுத்தார். மங்கல் படத்தில் இல்லவே இல்லாத பள்ளம், மேடெல்லாம் போன் எடுத்த படத்தில் பளிச்சென்று இருந்தது. நிலா எப்படி இருக்கும் என்று போனுக்கு முன்னாடியே தெரியும். அதுவே வரைந்துவிட்டது!

அப்போ நாங்கள் செய்வது மட்டும் என்ன? நூறு படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கான்ட்ராஸ்ட்டை இழுத்துப் பிடித்து, கலர் ஏற்றி... இது எந்த வகையில் யோக்கியம்? எனக்குத் தெரிந்த நல்ல பதில் 1880களில் இருக்கிறது. அந்தப் பதிலை உண்டாக்கியவர்களில் முக்கியமான மூணு பேருக்கு வானியல் சம்பளம் தருகிற வேலை கிடையாது. அதனாலேயே அவர்கள் மேல் எனக்கொரு தனிப் பாசம். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரி வானத்தைப் பார்த்தவர்கள், நம்ம ஜாதி.

முதலில் கேமராவுக்கு முந்தைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்ப்பார்கள், பக்கத்தில் மங்கலான விளக்கு வைத்துக்கொண்டு பென்சிலால் வரைவார்கள். அவ்வளவுதான் டேட்டா. ஓரியன் நெபுலா (நம்ம மிருகசீரிஷம், திருவாதிரை இருக்கிற ஏரியாவில், ஓரியனின் இடுப்பு பெல்ட்டுக்குக் கீழே) இருக்கிறதே, அதை இருநூறு வருஷமாக ஆளாளுக்கு வரைந்தார்கள். ஒருத்தர் படம் மாதிரி இன்னொருத்தர் படம் இருக்காது. எட்வர்ட் ஹோல்டன் என்ற அமெரிக்கர் 1882-ல் இந்தப் படங்களையெல்லாம் திரட்டி ஒரு தனிப் புத்தகமே போட்டார். அதைப் பார்த்தால் தலை சுற்றும். பிரச்சினை என்னவென்றால், நெபுலாவே கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வருகிறதா, இல்லை வரைந்தவர் கை மாறியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிழை கோடில் இருக்கிறதா, இன்புட்டில் இருக்கிறதா என்றே தெரியாத நிலைமை. நம்மவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

ஃபோட்டோ வந்ததும் முதலில் மாட்டியது நிலா. வெளிச்சமான ஆசாமி ஆச்சே. நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற வேதியியல் பேராசிரியர் 1840-ல் சுமார் இருபது நிமிஷம் திறந்து வைத்து, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நிலாவைப் பிடித்தார். 1850 ஜூலையில் ஹார்வர்டின் 15 இஞ்ச் டெலஸ்கோப்பில் பாண்ட், விப்பிள் இருவரும் வேகா நட்சத்திரத்தை (நம்ம அபிஜித்) 100 நொடியில் எடுத்தார்கள். சூரியனுக்கு வெளியே ஒரு நட்சத்திரம் படத்தில் விழுந்தது அதுதான் முதல்முறை. விப்பிள் தொழில்முறை ஃபோட்டோகிராஃபர்.

இங்கிலாந்தில் வாரன் டி லா ரூ என்று ஒருத்தர். பேர் கேட்ட மாதிரி இருக்கிறதா? நம்மூர் பிரிட்டிஷ் காலத்துத் தபால்தலைகளை அச்சடித்துக் கொடுத்த டி லா ரூ கம்பெனி குடும்பத்து ஆள்தான். கவர் மடிக்கும் மெஷின் கண்டுபிடித்ததில் இவருக்கும் பங்கு உண்டு. 1851 லண்டன் கண்காட்சியில் விப்பிளின் நிலாப் படத்தைப் பார்த்துப் பித்துப் பிடித்து, 13 இஞ்ச் டெலஸ்கோப்பைக் கையாலேயே நகர்த்தி நகர்த்தி நிலாவை எடுத்தார். நிலா லேசாகத் தலையாட்டும், தெரியுமில்லையா? அதைப் பயன்படுத்தி வேறு வேறு மாதங்களில் எடுத்த ரெண்டு படத்தைச் சேர்த்து 3டி நிலா காட்டியிருக்கிறார் மனுஷர்.

நிலா, சூரியன், பெரிய நட்சத்திரம் எல்லாம் சரி. நெபுலா? ம்ஹூம். அதற்கு ரெண்டு தடை.

ஒன்று, தட்டு. அப்போது புழக்கத்தில் இருந்தது ஈரத் தட்டு. கண்ணாடியில் கொலோடியன் தடவி, வெள்ளி உப்பில் முக்கி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவிவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. இரண்டாவது, பூமி. அது சுற்றுவதால் வானம் ஒரு நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ரெண்டு நிமிஷத்தில் ஒரு முழு நிலா அகலம். டெலஸ்கோப்பும் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் திரும்பாவிட்டால் நட்சத்திரம் புள்ளியாக விழாது, கோடாக விழும். டன் கணக்கில் எடையுள்ள இரும்பைத் தலைமுடி அளவு துல்லியத்தில் ஒரு மணி நேரம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் கிடையாது. எடைக்கல் தொங்கும் கடிகார யந்திரம்தான்.

முதல் தடையை உடைத்ததும் ஒரு டாக்டர்தான். ரிச்சர்ட் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1871-ல் ஜெலட்டின் உலர் தட்டு பற்றி எழுதினார். பத்து வருஷத்துக்குள் அது கடையில் கிடைக்கிற சரக்கானது. காயுமே என்ற கவலை இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். அடுத்து நடந்ததெல்லாம் இதனால்தான்.

தலைப்பில் சொன்ன டாக்டர் இவர் இல்லை. அவர் ஹென்றி டிரேப்பர், மேலே நிலாவை எடுத்தாரே ஜான் டிரேப்பர், அவர் பையன். இருபது வயசிலேயே மருத்துவப் படிப்பை முடித்துவிட்டார். பட்டம் வாங்க வயசு போதாது. காத்திருந்த நேரத்தில் 1857-ல் ஐரோப்பா போனவர் அயர்லாந்தில் ராஸ் பிரபுவின் 72 இஞ்ச் ராட்சச டெலஸ்கோப்பைப் பார்த்தார். ஆள் காலி. ஊர் திரும்பி ஹட்சன் ஆற்றங்கரையில் கண்ணாடி தேய்க்க உட்கார்ந்துவிட்டார். 1867-ல் கல்யாணம். புதுப்பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு அவர் போன இடம் நியூயார்க் கடைத்தெரு, 28 இஞ்ச் டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி வாங்க! அந்த அன்னா அம்மாவும் சளைத்தவர் இல்லை. ஈரத் தட்டுக் காலத்தில் கொலோடியன் தடவித் தயார் செய்து தந்தது அவர்தான்.

1880 செப்டம்பர் 30. 11 இஞ்ச் டெலஸ்கோப், உலர் தட்டு, 51 நிமிஷம். உலகத்தின் முதல் நெபுலாப் படம், ஓரியன். இன்றைக்குப் பார்த்தால் நட்சத்திரமெல்லாம் ஊதிப்போய், நடுவில் புகை மாதிரி ஏதோ தெரியும். ஆனால் யாருடைய பென்சிலும் தொடாத படம். இரண்டு வருஷத்தில் அதை இன்னும் நன்றாக, 137 நிமிஷத்துக்குக் கொண்டுபோனார். 1882-ல் ராக்கி மலைக்கு வேட்டைக்குப் போய்ப் பனிப்புயலில் மாட்டினார். திரும்பி வந்து நவம்பரில் நுரையீரல் உறை அழற்சியில் போய்ச் சேர்ந்தார். வயசு 45. அன்னா பணம் கொடுத்து ஹார்வர்டில் தொடர்ந்த வேலைதான் பிறகு ஹென்றி டிரேப்பர் அட்டவணை ஆனது. 2,25,300 நட்சத்திரங்கள். ஹெச்டி என்று ஆரம்பிக்கும் நட்சத்திர எண்களை எங்காவது பார்த்தால் அது இவர் பெயர்தான்.

அடுத்தவர் எனக்கு ரொம்பப் பிடித்தவர். ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன். லண்டனில் சாக்கடை, குழாய், கழிவறை வேலைகளை எடுத்துச் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். ஈலிங்கில் வீட்டுத் தோட்டத்தில் 36 இஞ்ச் கண்ணாடி வைத்து டெலஸ்கோப் கட்டினார். திரும்பப் படியுங்கள், வீட்டுத் தோட்டத்தில் 36 இஞ்ச். கண்ணாடியைத் தேய்த்துக் கொடுத்தவர் வேறொருவர். அதைத் தாங்கித் திருப்பும் அமைப்பு காமனுடையது. பாரமான சாமானை ஆடாமல் அசையாமல் நிறுத்துவது குழாய் இன்ஜினியருக்குக் கைவந்த கலையாக இருந்திருக்க வேண்டும் (இது என் யூகம்).

1883 ஜனவரி 30-ம் தேதி, 37 நிமிஷம், அதே ஓரியன். இந்தப் படத்தில்தான் கதை திரும்புகிறது. அதே டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்கள் தட்டில் இருந்தன.

இதில் என்ன அதிசயம் என்றால், அதுவரை ஃபோட்டோ என்பது கண் பார்த்ததன் நகல். நகல் அசலை விட மட்டமாகத்தானே இருக்கும்? நம்ம கண் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு மேல் வெளிச்சத்தைச் சேர்த்து வைக்காது. பழசைத் துடைத்துவிட்டுப் புதுசாக ஆரம்பிக்கும். தட்டு துடைக்காது. உண்டியல் மாதிரி விழ விழச் சேரும். ஆகவே தட்டில் இருப்பதைக் கண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவே முடியாது. "நேரில் பார்த்தால் இப்படித்தான் இருக்குமா?" என்ற கேள்வி அந்த ராத்திரியோடு அர்த்தம் இழந்துவிட்டது. இருக்காதுதான். இருந்தாலும் அது இருக்கிறது.

அப்படியென்றால் எப்படி நம்புவது? இன்னொரு தட்டு. இன்னொரு ராத்திரி, இன்னொரு டெலஸ்கோப், இன்னொரு ஆள். அங்கேயும் அதே இடத்தில் அதே புள்ளி விழுந்தால் நட்சத்திரம். விழாவிட்டால் தூசு, கீறல், ஜெலட்டின் கோளாறு. முன்சொன்ன போன் விவகாரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். நாங்களும் கான்ட்ராஸ்ட்டை ஏற்றுகிறோம், கலரைக் கூட்டுகிறோம், அதில் அவரவர் ருசி உண்டு. சிலர் ஏற்றுகிற கலரைப் பார்த்தால் தீபாவளி மத்தாப்பு தோற்றுவிடும், எனக்கே ஆகாது. ஆனால் தட்டில் விழாத ஒரு புள்ளியைக் கொண்டுவந்து வைத்தால் ஆட்டம் குளோஸ்.

காமனுக்கு 1884-ல் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம். அந்த 36 இஞ்ச்சை அவர் எட்வர்ட் கிராஸ்லி என்ற கம்பள வியாபாரிக்கு விற்றார். அவர் 1895-ல் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்குக் கொடுத்தார். அங்கே ஜேம்ஸ் கீலர் அதை வைத்து எடுத்த படங்களில் எங்கே திருப்பினாலும் குட்டிக் குட்டிச் சுருள் நெபுலாக்கள். மொத்தம் 1,20,000 இருக்கலாம் என்று கணக்குப் போட்டார். சாக்கடை இன்ஜினியர் வீட்டுத் தோட்டத்து டெலஸ்கோப்!

மூணாவது ஆள், ஐசக் ராபர்ட்ஸ். வேல்ஸில் பிறந்து, லிவர்பூலில் கட்டட வேலை பழகப் போய், காண்ட்ராக்டராகி நன்றாகச் சம்பாதித்தவர். 1885-ல், ஐம்பத்தாறு வயசில், டப்ளின் கிரப் கம்பெனியில் 20 இஞ்ச் டெலஸ்கோப் ஆர்டர் செய்து வாங்கினார். (இதே கிரப் செய்த இன்னொரு 20 இஞ்ச் அந்தக் காலத்தில் புனேவுக்கு வந்து, 1912-ல் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தது.) ராபர்ட்ஸின் தந்திரம், படமெடுக்கும் டெலஸ்கோப்போடு இன்னொரு டெலஸ்கோப்பையும் சேர்த்து மாட்டியது. அதில் கண் வைத்து, குறுக்குக் கம்பியில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, விலகினால் திருத்திக்கொண்டே இருக்கலாம். இன்றைக்கு இந்த வேலையைக் குட்டிக் கேமராவும் லேப்டாப்பும் பார்த்துக்கொள்கின்றன. நாங்கள் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோம். அன்றைக்கு ஒரு மனிதக் கண் மணிக்கணக்கில் குளிரில் அப்படியே நிற்க வேண்டும்.

1888 டிசம்பர் 29. நாலு மணி நேரம். ஆண்ட்ரோமெடா நெபுலா.

அதற்கு முன் எத்தனையோ பேர் அதைப் பார்த்து வரைந்தது நீள்வட்ட மங்கல், அதில் ஒன்றிரண்டு கறுப்புக் கோடு. ராபர்ட்ஸின் தட்டில் அந்தக் கோடுகள் சேர்ந்து வளைந்தன, வளையமாயின, சுருளாயின. முதன்முதலாக ஆண்ட்ரோமெடாவின் உருவம் மனுஷனுக்குத் தெரிந்தது. இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலும் யாரும் சட்டென்று அடையாளம் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு சரியான படம்.

அர்த்தம்தான் தப்பு. ராபர்ட்ஸும் அவர் காலத்தவர் பலரும் அதில் பார்த்தது, பிறந்துகொண்டிருக்கிற ஒரு சூரியக் குடும்பம். நடுவில் சூரியன் திரளுகிறது, வளையங்கள் கிரகங்களாகப் போகின்றன, பக்கத்தில் இருக்கிற ரெண்டு சின்ன நெபுலாவும் கிரகமாகிக்கொண்டிருக்கின்றன என்று. லாப்லாஸ் சொன்ன தியரிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தினால் யார் விடுவார்கள்? ராபர்ட்ஸுக்கு 1895-ல் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1901-ல் டொரோத்தியா கிளம்ப்கி என்ற வானியலாளரைக் கல்யாணம் செய்துகொண்டார் (மாப்பிள்ளைக்கு வயசு 72). எரிகல் மழை பார்க்க 1899-ல் பலூனில் ஏறிப் பறந்த பெண்மணி அவர். 1904-ல் ராபர்ட்ஸ் இறந்தபோது ஆண்ட்ரோமெடா இன்னும் பக்கத்து வீட்டு வாயு மேகமாகத்தான் இருந்தது.

1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனின் 100 இஞ்ச் டெலஸ்கோப்பில் எடுத்த ஒரு தட்டில், ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டு வைத்தார். அதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டால் ஒன்பது லட்சம் ஒளியாண்டு. (இன்றைய கணக்கு சுமார் 25 லட்சம்.) அது மேகமில்லை, இன்னொரு பால்வெளி. ராபர்ட்ஸின் தியரி குப்பைக்குப் போனது. அவர் தட்டில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற வேண்டி வரவில்லை.

இதற்குப் பிறகு ரொம்ப காலம் அமெச்சூர்களுக்குச் சோதனைக் காலம். மலை உச்சியில் 100 இஞ்ச், 200 இஞ்ச் என்று கட்டிய பிறகு தோட்டத்து டெலஸ்கோப்பை யார் சீந்துவார்கள்? ஃபிலிமும் காலை வாரியது. மங்கலான வெளிச்சத்தில் நேரம் ஆக ஆக அதன் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். அதற்காக ஹைட்ரஜன், நைட்ரஜன் கலவையில் ஃபிலிமை வேக வைத்தார்கள். சிலர் கேமராவுக்குள் உலர் பனிக்கட்டி போட்டுக் குளிர வைத்தார்கள். பிடிவாதம்தான், வேறென்ன. 1969-ல் பெல் ஆய்வகத்தில் பாயில், ஸ்மித் இருவரும் உருவாக்கிய சிசிடி சில்லு மலிவாகித் தோட்டங்களுக்கு வந்த பிறகுதான் காற்று திரும்பியது. 2000களின் ஆரம்பத்தில் சாட் செய்ய வாங்கிய வெப்கேமைப் பிரித்து டெலஸ்கோப்பில் சொருகினார்கள். ஆயிரக்கணக்கான ஃபிரேமில் காற்று ஆடாத கணத்தில் விழுந்ததை மட்டும் பொறுக்கி, அடுக்கி, சராசரி எடுத்தால் வியாழனின் பட்டைகள் அப்படித் தெரியும்!

அடுக்குவது ஏமாற்று வேலையா என்று கேட்பவர்களுக்கு: நட்சத்திரம் எல்லா ஃபிரேமிலும் அதே இடத்தில் விழும், இரைச்சல் கண்ட இடத்தில் விழும். கூட்டி வகுத்தால் நட்சத்திரம் நிற்கும், இரைச்சல் கரையும். நூறு படம் அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும், நூறில் ஒன்றாகாது, வர்க்கமூலக் கணக்கு. நாலு மடங்கு உழைத்தால் ரெண்டு மடங்கு பலன். எங்க கம்பெனி அப்ரைசலை விடப் பரவாயில்லை :-) காமன் 37 நிமிஷம் ஒரே தட்டில் சேர்த்ததை நாங்கள் துண்டு துண்டாகச் சேர்க்கிறோம், அவ்வளவே.

2004 ஜனவரியில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் தன்னுடைய 3 இஞ்ச் டெலஸ்கோப்பில் ஓரியன் பக்கம் எடுத்த படத்தில் எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு புது நெபுலாவைப் பார்த்தார். 2009 ஜூலை 19-ல் ஆஸ்திரேலியாவில் ஆந்தனி வெஸ்லி (கம்ப்யூட்டர் புரோகிராமர், கவனிக்கவும்!) வியாழனில் ஒரு கறுப்புத் தழும்பைப் படம் பிடித்தார். ஏதோ ஒன்று போய் மோதியிருக்கிறது, உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. அவர் சொன்ன பிறகு ஹவாயில் இருக்கும் பெரிய டெலஸ்கோப்புகள் திரும்பின, நாலு நாளில் ஹப்பிள் தொலைநோக்கியும் திரும்பியது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2022-ல் நடந்தது. பிரான்ஸில் யான் சென்டி, ஸேவியர் ஸ்ட்ரோட்னர், ஜெர்மனியில் மார்செல் டிரெக்ஸ்லர். மூணு பேரும் அமெச்சூர். எடுத்தது ஆண்ட்ரோமெடா, உலகத்திலேயே அதிகம் எடுத்துச் சலித்த காலக்ஸி. சென்டியின் 106 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பில், ஆக்ஸிஜன் அணு உமிழும் நீலப்பச்சை வெளிச்சத்தை மட்டும் விடும் ஃபில்டர் போட்டு ராத்திரி ராத்திரியாகச் சேர்த்தார்கள். மொத்தப் படத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல், அதில் ஆக்ஸிஜனுக்கு மட்டும் 22 மணி நேரம். காலக்ஸிக்குப் பக்கத்தில் மூணு முழு நிலா நீளத்துக்கு ஒரு நீல வளைவு! நூற்றுமுப்பது வருஷமாக யார் கண்ணிலும், எந்தத் தட்டிலும் படாதது.

அவர்கள் முதலில் சந்தேகப்பட்டது தங்கள் படத்தையேதான். லென்ஸுக்குள் எதிரொளிப்போ, பிராசஸிங்கில் வந்த கோளாறோ என்று. அதனால் வேறு இடத்தில், வேறு கருவி வைத்திருந்த அமெச்சூர்களிடம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அங்கேயும் அதே இடத்தில் அதே வளைவு. பிறகுதான் தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து 2023 ஜனவரியில் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த வருஷம் கிரீனிச் ஆய்வகத்தின் சிறந்த வானியல் படம் விருதும் அதற்கே கிடைத்தது.

அந்த வளைவு என்ன என்பதில்தான் சிக்கல். ஆண்ட்ரோமெடாவைச் சுற்றியுள்ள வாயுவாக இருக்கலாம் என்பது முதலில் வந்த யோசனை. பிறகு நிறமாலை எடுத்துப் பார்த்த ஒரு குழு, இது அங்கே இல்லை, நம்ம பால்வெளிக்குள்ளேயே நடுவழியில் கிடக்கிற வாயு என்கிறது. படத்தில் ரெண்டும் ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. நடுவில் 25 லட்சம் ஒளியாண்டு இருந்தாலும் இருக்கலாம். தூரம் என்ற தகவல் மட்டும் எந்தத் தட்டிலும் விழுவதில்லை. ராபர்ட்ஸ் பாவம், இதே காலக்ஸியில் இதே பள்ளத்தில்தான் விழுந்தார்.

கட்டுரை வந்ததிலிருந்து உலகம் முழுக்க ஆளாளுக்கு அந்த வளைவைத் தேடுகிறார்கள், பலருக்குக் கிடைத்தும் விட்டது. நானும் பார்க்கிறேன். சென்னைக்காரனுக்கு இதில் ஒரு தலையெழுத்து: ஆண்ட்ரோமெடா ராத்திரியில் நன்றாக உச்சிக்கு வருவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, அதாவது சரியாக வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜனவரியில் மேகம் விலகும்போது அது மேற்கே சரிய ஆரம்பித்திருக்கும். இருட்டின பிறகு ரெண்டு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். 22 மணி நேரத்துக்குப் பதினோரு ராத்திரி வேண்டும், அத்தனையும் நிலா இல்லாத ராத்திரியாக, ரிலீஸ் இல்லாத வாரமாக. ரெண்டு சீசனில் இதுவரை நாலரை மணி நேரம் சேர்த்திருக்கிறேன்.